யோசெமிட்டி கேம்பிங்: பள்ளத்தாக்கா, டுவாலமியா, பர்மிட் எடுத்து உள்காடா?

கோடை விடுமுறைக்குக் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா என்று பேச்செடுத்த வீட்டில் அடுத்து நடப்பது, அங்கே பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டுக்கான வேட்டை. அது கிடைத்தால் பயணம், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் என்று முடித்துவிடுகிறார்கள். அருவி பக்கம், கடை பக்கம், ஷட்டில் பேருந்து வாசலிலேயே வரும் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாமே பகலைப் பற்றிய காரணங்கள். பகலில் யாரும் டென்டுக்குள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கார் இருந்தால் எங்கும் போகலாம். டென்டில் கழிவது இரவும் விடிகாலையும்தான். எந்த மாதம், எவ்வளவு உயரம், கூட வருபவர்களில் குளிர் தாங்காதவர் யார் என்று அந்த இரவை வைத்துக் கணக்குப் போட்டால் தேர்வு வேறு மாதிரி வரும். ஆகஸ்ட் மாதம் என்றால் பள்ளத்தாக்கு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.

பூங்காவில் காரோடு போய்த் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் 13. குடும்பமாகப் போகிறவர்கள் உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று வழிகள்: 1,200 மீட்டர் உயரத்திலுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கு, 2,600 மீட்டர் உயரத்திலுள்ள டுவாலமி மெடோஸ், பர்மிட் வாங்கி முதுகுப்பையோடு நடந்துபோய்த் தங்கும் உள்காடு. இடைப்பட்ட சில இடங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அவற்றில் ஒன்று பலருக்கும் பொருந்தும்.

பள்ளத்தாக்கு: மே, ஜூனில் இதற்கு ஈடில்லை

அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் மூன்றும் பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. அப்பர் பைன்ஸ் பெரியது, 200 இடங்களுக்கு மேல். ஓர் இடத்துக்கு ஓர் இரவு 36 டாலர். குழந்தைகளையும் சேர்த்து 6 பேர்தான் தங்கலாம். ஏழாவது ஆளாகக் கைக்குழந்தை வந்தாலும் கணக்கு கணக்குதான்.

யோசெமிட்டி அருவி 739 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதற்குத் தண்ணீர் கொடுப்பது மேலே உருகும் பனி. அதனால் மே, ஜூனில் பள்ளத்தாக்கே அதிரும். பனி தீர்ந்துபோன ஆகஸ்டில் பாறையில் ஈரக்கறை மட்டும் இருக்கும் வருஷங்கள் உண்டு. அருவி பார்க்கப் போகிறோம் என்றால் முன்கோடையில் பள்ளத்தாக்கில்தான் தங்க வேண்டும். அப்பர் பைன்ஸிலிருந்து ஹேப்பி ஐல்ஸுக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து மிஸ்ட் டிரெயிலில் ஏறினால், 600க்கும் மேற்பட்ட கல்படிகளைக் கடந்து 97 மீட்டர் வெர்னல் அருவியின் தலைக்குப் போய்ச் சேரலாம். காலை 7 மணிக்குள் கிளம்பினால் படிகளில் இடித்துக்கொள்ளாமல் ஏறலாம். ஜூனில் சாரல் முழுதாக நனைத்துவிடும் என்பதால் கைப்பேசிக்கு ஒரு ஜிப் பை, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். இறங்கும்போது அதே ஈரப்படியில் இறங்காமல் ஜான் மியூர் டிரெயில் வழியாகச் சுற்றி வருவது முழங்காலுக்கு நல்லது.

கோடை இரவில் இங்கே 12, 13 டிகிரிக்கு இறங்கும். சாதாரண ஸ்லீப்பிங் பேக்கும் ஒரு ஸ்வெட்டரும் போதும். முதல் முறை டென்டில் படுக்கும் குழந்தைகளுக்கு இது பெரிய சலுகை. ஐஸ் தீர்ந்தால் கடை இருக்கிறது. கேம்ப்கிரவுண்டுக்குள் குளியலறை கிடையாது; கரி வில்லேஜில் காசு கொடுத்துக் குளிக்கலாம். பெட்ரோல் பங்க் பள்ளத்தாக்கில் இல்லை. கிரேன் ஃப்ளாட், எல் போர்டல், வவோனா ஆகிய இடங்களில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

குறை என்ன என்றால் நெருக்கடி. பக்கத்து டென்டில் இருமினால் உங்களுக்குக் கேட்கும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்று விதி இருந்தாலும் கார் கதவுகள் விதியைப் படித்ததில்லை. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நெருப்புப் புகை தரையோடு தேங்கிவிடும். அதனால்தான் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மாலை 5 முதல் இரவு 10 வரை மட்டுமே இங்கே நெருப்பு மூட்டலாம். தரையில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் கூடாது. விறகை வாங்கத்தான் வேண்டும். வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுபோகாதீர்கள், மரத்தைத் தின்னும் பூச்சிகள் அப்படித்தான் காட்டுக்குக் காடு தாவுகின்றன.

இடம் கிடைக்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1997 ஜனவரி வெள்ளத்தில் மெர்செட் ஆற்றோரமிருந்த அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு கேம்ப்கிரவுண்டுகள் அழிந்து மூடப்பட்டன. பள்ளத்தாக்கின் கேம்பிங் இடங்களில் பெரும்பங்கு அதோடு போயிற்று. கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

முன்பதிவு ரிக்ரியேஷன்.கவ் தளத்தில். ஒரு மாதத் தொகுதியாக, ஐந்து மாதம் முன்பு வரை, மாதத்தின் 15ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். உங்கள் தேதி எந்தத் தொகுதியில் விழுகிறது என்று பூங்காவின் அட்டவணையில் முதலிலேயே பார்த்து வையுங்கள். இதில் தப்பிப்போய்த்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 6.50க்கே கணக்கில் நுழைந்து, கார்டு விவரம் சேமித்து, விருப்பமான நான்கைந்து இட எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனியைக் கேட்பதைவிட ஞாயிறு முதல் செவ்வாய் வரை கேட்டால் வாய்ப்பு கூடும். 7.05க்கு எல்லாம் போயிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பயணம் நெருங்கும் வாரங்களில் ரத்தாகும் இடங்கள் தொடர்ந்து வரும். அந்தத் தளத்திலேயே அறிவிப்பு கேட்டு வைக்கலாம்.

இட எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறைக்கு நேர் எதிரே உள்ளதைத் தவிருங்கள். இரவெல்லாம் விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும். மூன்று நான்கு இடம் தள்ளியிருந்தால் சரி. நார்த் பைன்ஸின் ஆற்றோர இடங்கள் அழகுதான், ஆனால் மே, ஜூனில் மெர்செட் ஆறு பனி உருகிய தண்ணீரோடு வேகமாக ஓடும். நீச்சல் தெரிந்த பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நடை பழகும் குழந்தை இருந்தால் ஆற்றோர இடம் வேண்டாம்.

கேம்ப் 4 என்பது வேறு உலகம். பாறையேறிகளின் இடம், வரலாற்றுச் சின்னமாக 2003இல் பதிவானது. ஆளுக்கு 10 டாலர், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே இடத்தைப் பகிர வேண்டும், காரை வெளியே விட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் போனால் மலிவு. குடும்பத்துக்குச் சரிவராது.

டுவாலமி: நல்ல இடம், ஆனால் தயாராகப் போக வேண்டும்

பள்ளத்தாக்கிலிருந்து டயோகா சாலையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இங்குள்ள கேம்ப்கிரவுண்டை 2022 முதல் மூடிப் புதுப்பித்து 2025 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். 300க்கும் மேற்பட்ட இடங்கள். பள்ளத்தாக்கு 32 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் ஆகஸ்ட் மதியத்தில் இங்கே 21, 22 இருக்கும். புல்வெளி, நடுவே நிதானமாக ஓடும் ஆறு, சுற்றிலும் வழுவழுப்பான கிரானைட் குன்றுகள். சோடா ஸ்பிரிங்ஸுக்கான பாதை கிட்டத்தட்ட சமதரை, பாட்டியும் வரலாம். கதீட்ரல் ஏரிக்குப் போய்வர சுமார் 11 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம். நடந்து பழகிய பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முழு நாள். கிழக்கே இறங்கினால் மோனோ ஏரி ஒரு மணி நேரத்துக்குள்.

முதல் சிக்கல் சாலை. டயோகா சாலை வழக்கமாக மே கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் இடையே திறக்கும். பனி அதிகம் விழுந்த 2023இல் ஜூலை 22 வரை திறக்கவில்லை. சாலை திறந்த பிறகும் கேம்ப்கிரவுண்ட் தயாராகச் சில நாட்கள் ஆகும். ஜூலை நடுவுக்கு முந்தைய தேதி எடுத்தால், ஏப்ரலில் சியரா மலைத்தொடரின் பனி நிலவரத்தைப் பார்த்து மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஜூலை மூன்றாம் வாரம் வரை கொசு வேறு. புல்வெளியில் பனி உருகித் தேங்கிய தண்ணீர் முழுக்க அதுதான். ஆகஸ்டில் கொசு அடங்கிவிடும்.

இரண்டாவது உயரம். கடல்மட்டத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் 2,600 மீட்டரில் படுத்தால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். உடல்வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். முதல் நாள் மலை ஏறாதீர்கள், மது வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். சின்னக் குழந்தை தலைவலிக்கிறது என்று சொல்லாது. சாப்பிட மறுத்துச் சிணுங்கிக்கொண்டே இருந்தால் அதுவாக இருக்கலாம். வாந்தி நிற்காவிட்டாலோ நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். இதய, நுரையீரல் கோளாறு உள்ள பெரியவர்களை இங்கே தங்கவைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது குளிர். ஆகஸ்டிலும் விடிகாலை 3, 4 டிகிரிக்கு இறங்கும். சில காலைகளில் டென்டின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். இங்கே இரவு கெடுவதற்கு முக்கியக் காரணம் போர்வை இல்லை, கீழே விரிப்பது. விருந்தாளிக்கு ஊதிப் போடும் இரட்டைக் காற்று மெத்தைதான் பெரிய எதிரி. அதற்குள் இருக்கும் காற்று தரையின் குளிருக்கு இறங்கி இரவு முழுக்க முதுகின் சூட்டை உறிஞ்சும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு சில்லிடும். தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர்-மதிப்பு 4க்கு மேல் உள்ள மெத்தை வாங்குங்கள். அல்லது இருக்கிற காற்று மெத்தையின் மேல் ஃபோம் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல் படுங்கள். காற்று மெத்தைக்கு அடியில் போட்டால் பலன் பாதிதான்.

ஸ்லீப்பிங் பேக்கின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். "20 ஃபாரன்ஹீட்" என்று பெயரிருந்தால் அது பெரும்பாலும் குளிரைத் தாங்கக்கூடிய கீழெல்லையின் கணக்கு, வசதியாகத் தூங்கும் அளவு இல்லை. உள்ளே தைத்த சீட்டில் 'கம்ஃபர்ட்' என்று தனி எண் இருக்கும். டுவாலமிக்கு அது 0 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கட்டும். குழந்தையைப் பெரியவர்களின் பேக்கில் போட்டால் கால் பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தையும் அந்தச் சின்ன உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும். கால் எட்டும் இடத்துக்குக் கீழே பேக்கை மடித்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போதும். குளிர்கிறது என்று டென்டின் காற்றுத் துளைகளை மூடினால் மூச்சின் ஈரம் உட்கூரையில் படிந்து விடிகாலை மேலே சொட்டும். தொப்பி போட்டுக்கொண்டு துளையைத் திறந்தே வையுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் இடிமழை வரும். மேகம் திரள ஆரம்பித்ததும் மொட்டைப் பாறையிலிருந்து இறங்க வேண்டும்; நண்பகலுக்குள் உச்சியை முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

அடுப்பும் கரடியும்

பள்ளத்தாக்கில் தண்ணீர் 96 டிகிரியில் கொதிக்கும். டுவாலமியில் 91இலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவியாகித்தான் போகும். அரிசி வெளியே குழைந்து நடுவில் நறுக்கென்று நிற்பது இதனால்தான். அரை மணி ஊறவைத்து, கால் பங்கு தண்ணீர் கூட்டி, மூடி போட்டு, வீட்டில் ஆகும் நேரத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயலவே வேண்டாம். ஒரு மணி நேர வாயு போகும், பருப்பு அப்படியே நிற்கும். 3 லிட்டர் குக்கரைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெளியே குறைவு என்பதால் உள்ளேயும் 120 டிகிரிக்குப் பதில் 115 சொச்சம்தான் வரும். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து.

நம் வீடுகளில் பலரிடம் இருப்பது மேசை மேல் வைக்கும் பியூட்டேன் காசெட் அடுப்பு. பள்ளத்தாக்கில் நன்றாக எரியும். டுவாலமியில் விடிகாலை காபிக்குக் கைவிட்டுவிடும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் திரவத்திலிருந்து வாயுவாக மாறுகிறது. 4 டிகிரிக் காலையில், எரிய எரிய டப்பா தானே இன்னும் குளிர்ந்து, சுடர் மெழுகுவர்த்தி அளவுக்குச் சுருங்கும். புரொப்பேனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இரட்டை பர்னர் அடுப்பும் 465 கிராம் பச்சைச் சிலிண்டரும் பாதுகாப்பான தேர்வு. 10,000 பிடியூ (வெப்பத்தின் அளவு) பர்னர் ஒன்றை முழுச் சுடரில் வைத்தால் ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம் சொச்சம் வரும். நாலு பேருக்குச் சோறு, பருப்பு, இரண்டு வேளை காபி என்றால் டுவாலமியில் நாளுக்கு ஒன்று என்று வைத்து, ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தாலும் அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முதல் இரவுக்குச் சமைக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். வீட்டிலிருந்து புளியோதரையோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ, சப்பாத்தியோ கொண்டுபோங்கள். வறுத்த ரவையில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்துக் கலந்து எடுத்துப்போனால் மறுநாள் காலை உப்புமாவுக்குக் கொதிநீர் மட்டும் போதும்.

கரடி விஷயத்தில் சலுகை கிடையாது. யோசெமிட்டியில் இருப்பவை 300 முதல் 500 வரை கருங்கரடிகள், நிறம் பழுப்பாகவும் இருக்கலாம், கிரிஸ்லி இல்லை. அவை மனிதரைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடி வருகின்றன. காருக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தால் கதவின் மேல்விளிம்பில் நகத்தைக் கொடுத்துச் சட்டத்தையே கீழே வளைத்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும்: சுமார் 114 சென்டிமீட்டர் அகலம், 84 ஆழம், 46 உயரம். கூலர் வாங்கும் முன் இதை அளந்து பாருங்கள். சக்கரம் வைத்த பெரிய கூலர்கள் பல உயரத்தில் இடித்து உள்ளே போகாது. இருட்டிய பிறகு காரில் வைக்கவும் முடியாது.

'உணவு' என்று விதி சொல்வது வாசனையுள்ள எல்லாவற்றையும். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், குழந்தையின் ஈரத்துணி டப்பா, காலி பால் பாட்டில், எண்ணெய் ஒட்டிய தாளிப்புக் கரண்டி, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய், சந்தன பவுடர் எல்லாம் பெட்டிக்குள். கார் சீட்டின் இடுக்கில் கிடக்கும் முறுக்குத் துண்டையும் வீட்டிலேயே வாக்யூம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாத்திரம் கழுவ நீங்கள் பத்து அடி நகர்ந்தாலும் பெட்டி பூட்டியிருக்க வேண்டும். அபராதம் 5,000 டாலர் வரை போகும். மனிதச் சோற்றைப் பழகிவிட்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது. பணத்தைவிட அதுதான் உறுத்த வேண்டிய விஷயம்.

உள்காடு: ஓர் இரவு போதும், ஆனால் முதல் பயணமாக வேண்டாம்

பூங்காவின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் சாலையில்லாக் காடு. அங்கே இரவு தங்க வைல்டர்னஸ் பர்மிட் வேண்டும். பாதை தொடங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு. அதில் 60 சதவீதத்தை 24 வாரம் முன்பிருந்தே குலுக்கலில் கொடுப்பார்கள். மீதி 40 சதவீதம் 7 நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். வார நாளில் கிளம்ப முடிந்தால் அந்த 40இல் கிடைத்துவிடும். கேம்ப்கிரவுண்டே கிடைக்காதவர்களுக்கு இது ஒரு வழி என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் வழிதான். கட்டணமும் கேம்ப்கிரவுண்டைவிடக் குறைவு.

உணவுக்குக் கரடி எட்டாத உருளை டப்பா கட்டாயம். மரத்தில் கட்டித் தொங்கவிடுவது இங்கே சட்டப்படி செல்லாது. பர்மிட் அலுவலகத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடை, கொள்ளளவு சுமார் 10 லிட்டர். பற்பசையும் இதற்குள்தான் போக வேண்டும் என்பதை மறந்து உணவை விளிம்புவரை அடைத்தால் இரவில் மூடி பூட்டாது. இடம் குறைவாகப் பிடிப்பது அவல்: ஊறவைத்தால் போதும், எரிவாயுவும் மிச்சம்.

முதல் முறைக்கு மூன்று பாதைகள் பொருத்தம். டுவாலமியிலிருந்து கதீட்ரல் ஏரி, தூரம் குறைவு. கிளென் ஆலின், ஒரு வழி 9 கிலோமீட்டர் அளவு. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாவது பள்ளத்தாக்கிலிருந்து லிட்டில் யோசெமிட்டி வேலி: 7 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், கழிப்பறையும் கரடிப்பெட்டியும் உண்டு. ஹாஃப் டோம் என்ற பாறைச் சிகரம் ஏறுகிறவர்கள் இங்கே ஓர் இரவு தங்கினால் 22 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒருநாள் நடை இரண்டாகப் பிரியும். கடைசி ஏற்றத்தில் பிடித்து ஏறும் ஹாஃப் டோம் கேபிளுக்குத் தனி அனுமதி, நாளுக்கு மொத்தம் 300 பேர். பர்மிட் கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். கடைசி 120 மீட்டரில் பாறை நனைந்திருந்தால், பக்கத்தில் இடி கேட்டால், திரும்பிவிடுங்கள்.

தண்ணீருக்கும் பாதைக்கும் 30 மீட்டர் தள்ளி டென்ட். ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். மலம் கழிக்க 15 சென்டிமீட்டர் குழி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் திரும்ப எடுத்து வர வேண்டும். 9,600 அடிக்கு மேல் நெருப்பு கூடாது. கார் கேம்பிங்குக்கு வாங்கிய 7 கிலோ குடும்ப டென்டையும் ஜீன்ஸையும் இங்கே கொண்டுவராதீர்கள். நனைந்த பருத்தி மறுநாளும் காயாது.

இடைப்பட்டவை

கிரேன் ஃப்ளாட், 1,900 மீட்டர். நாங்கள் மேலே குறிப்பிட்ட ஒன்று இதுதான். பள்ளத்தாக்குக்கு அரை மணி, டுவாலமிக்கு ஒரு மணி நேரம் சொச்சம், பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே, ராட்சத செக்கோயா மரங்கள் நிற்கும் டுவாலமி குரோவ் கூப்பிடு தூரம். இரவு குளிரும், ஆனால் உறையாது. ஹாட்ஜ்டன் மெடோ இன்னும் தாழ்வு, பூங்காவின் மேற்கு வாசலை ஒட்டி. வவோனா தெற்கே, மாரிபோசா குரோவ் என்ற செக்கோயாத் தோப்பைப் பார்க்க மட்டும் நல்லது, பள்ளத்தாக்குக்குத் தூரம். வைட் வுல்ஃப், போர்க்குபைன் ஃப்ளாட் இரண்டும் டயோகா சாலையில் 2,400, 2,500 மீட்டரில். டுவாலமி கிடைக்காவிட்டால் அவை. டமராக் ஃப்ளாட், யோசெமிட்டி கிரீக் இரண்டுக்கும் சாலை மோசம், குழாய்த் தண்ணீர் கிடையாது, குழிக் கழிப்பறை.

டென்டே வேண்டாம் என்பவர்களுக்குப் பள்ளத்தாக்கில் இரண்டு ஏற்பாடுகள். கரி வில்லேஜின் துணிக் கூடாரங்களில் கட்டில் உண்டு, சமைக்க அனுமதி இல்லை. ஹவுஸ்கீப்பிங் கேம்பில் மூன்று பக்கம் கான்கிரீட் சுவர், மேலே துணிக் கூரை, பங்க் கட்டில், வெளியே அடுப்பு வைக்க இடம். ரசம் சாதம் இல்லாமல் முடியாத ஊர்ப் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு யோசெமிட்டியில் இதைவிட வசதி கிடையாது.

யாருக்கு எது

மே, ஜூன் பயணம், மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை, அல்லது முதல் கேம்பிங்: பள்ளத்தாக்கு, கிடைக்காவிட்டால் கிரேன் ஃப்ளாட். பைன்ஸுக்காக ஜூலை கடைசிவரை தேதியைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். அதற்குள் அருவி மெலிந்துவிடும்.

ஜூலை கடைசி முதல் செப்டம்பர் நடுவரை, பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டியவர்கள், நல்ல மெத்தையும் புரொப்பேன் அடுப்பும் இருக்கிறது: தயங்காமல் டுவாலமி. அந்தப் பருவத்தில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு பகல் போதும். அதையும் காலை 8 மணிக்குள் கார் நிறுத்த இடம் பிடித்தால்தான்.

காரில் இரண்டு முறையாவது கேம்ப் செய்து, மெத்தையும் உணவும் பழகியவர்கள், ஆளுக்கு 12 கிலோ தூக்கத் தயார்: டுவாலமியிலிருந்து ஓர் இரவு உள்காடு. முந்தின இரவும் டுவாலமியிலேயே தங்கி உடலைப் பழக்குங்கள்.

மொத்தம் மூன்று இரவு கைவசம் இருந்தால் முதல் இரவு கிரேன் ஃப்ளாட், அடுத்த இரண்டும் டுவாலமி. வரிசையை மாற்றி நேரே மேலே போனால் தலைவலியோடு விழித்திருப்பது முதல் இரவிலேயே ஆரம்பிக்கும்.